மூணாறு தலைப்பு

ராத்திரி பதினொன்றரைக்குத் தகவல் வருகிறது:
கோரையாற்றில் இருநூறு குறை, பாமணியில் நூறு கூட்டு.
இரும்புச் சாவியை மாட்டி
நானும் வேதையனும் திருகுகிறோம்.
சுற்றுகளை அவன் எண்ணுவான்.
என் வாயில் வேறு கணக்கு ஓடும்.

டர்ன் ஆன், டர்ன் ஆஃப்.
இது மோட்டார் கொட்டகை வைத்திருக்கும் எவனுக்கும் தெரியும்.
டர்ன் அப் என்றால் வந்து சேர்வது.
கடைமடைக்குத் தண்ணீர் இன்னும் டர்ன் அப் ஆகவில்லை
என்று எழுதி அனுப்பினேன்.
சரி என்று டிக் போட்டாள் தையல்நாயகி,
கார்க் நகரத்து முதியோர் இல்லத்திலிருந்து.
அங்கே அப்போது வெயில் இருந்ததாம்.

அவளுக்கும் அங்கே அதே சொல்தான் சோறு போடுகிறது.
டர்ன் ஓவர்:
இரண்டு மணிக்கொரு தரம்
தொண்ணூறு வயது உடம்புகளைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்,
முதுகு புண்ணாகாமல்.
நீடாமங்கலத்தில் உரக்கடை மாசிலாமணியிடம்
வருஷத்துக்கு எவ்வளவு டர்ன் ஓவர் என்று பேங்க்காரர் கேட்கிறார்.
அவரும் புரட்டுகிறவர்தான்.

வெண்ணாறு இங்கே வரும்வரை ஒரே ஆறு.
இந்தக் கதவைத் தாண்டினால் கோரை,
அந்தக் கதவைத் தாண்டினால் பாமணி.
ஆன், அப், ஓவர் எல்லாம் அந்த அகலக் கதவுகள்தான்.
தண்ணீரைக் கேட்டால்
எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்னும்.
மன்னார்குடிக்காரன் ஒத்துக்கொள்ள மாட்டான்.

டர்ன் இன் என்றால் படுக்கப் போவது.
ஒருவனைப் போலீசில் ஒப்படைத்தாலும் டர்ன் இன்தான்.
வேதையனிடம் சொன்னேன்.
"அப்ப தூங்குறதும் காட்டிக்குடுக்குறதும் ஒண்ணா?"
பீடியைப் பற்றவைத்தான்.
"தூக்கத்துல உளர்றவனுக்கு ஒண்ணுதான்."

நம்மிடம் மட்டும் என்ன குறைச்சல்.
தண்ணியை விடு. பேச்சை விடு. ஆளை விடு.
வந்துவிடு.
வராமலே இருந்துவிடு.

ஆறு காய்ந்து கிடந்த மாசியில்
அதே இல்லத்தில் எனக்கும் ஒரு வேலை என்று தாள் வந்தது.
பதினான்கு நாளுக்குள் பதில்.
குளிர் காரணமில்லை.
அடுத்தவர் மூத்திரத்துணி காரணமில்லை.
அவள் காரணமில்லவே இல்லை.
பதின்மூன்றாம் நாள் நாலு வரி எழுதினேன்,
பிழை இருக்கிறதா என்று மூன்று தரம் பார்த்து.
அவளிடம் சொன்னது இவ்வளவுதான்:
டர்ன் டவுன் ஆயிடுச்சு.

ஆயிடுச்சு.
இங்கிலீஷிலும் ஆளை மறைக்க வழி உண்டு,
ஆனால் பின்னாலேயே ஒருவன் வந்து
யாரால் என்று கேட்பான்.
இங்கே யாரும் கேட்பதில்லை.
பால் பொங்கிய மாதிரி,
விளக்கு அணைந்த மாதிரி,
அதுவாக ஆயிடுச்சு.

"பாவிங்க" என்றாள், அவர்களை.
வேறு இடம் பார்க்கலாம் என்றாள்.
அதற்குப் பிறகும் தினம் ஒன்று அனுப்புகிறாள்,
எனக்கு மறந்துவிடக் கூடாதென்று.

இன்றைக்கு வந்தது டர்ன் டு.
உதவி கேட்டு ஒருவரிடம் போவது என்று பொருள் போட்டு
கீழே ஒரு வாக்கியம்:
ஐ ஹேவ் நோ ஒன் டு டர்ன் டு.
எடுத்துக்காட்டு என்றுதான் தலைப்பிட்டிருந்தாள்.
நானும் ஒன்று எழுதி அனுப்ப வேண்டும்.
மூன்று மணி நேரமாகிறது.

"எத்தனை சுத்துன்னு விட்டுப்போச்சு" என்றான் வேதையன்,
சாவியைப் பிடித்தபடி.
யார் விட்டது என்று நான் கேட்கவில்லை.
டார்ச்சை அடித்து அளவுகோலைப் பார்த்தோம்.
கோரையில் கொஞ்சம் கூடுதலாகத்தான்
போய்க்கொண்டிருந்தது.